குழலில் தோட்டா இல்லை

சனிக்கிழமைகளில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மலிவான வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நம் நாட்டுக் கம்பெனியுடையதையே வாங்கிவிடலாமா? வெளிநாட்டுத் துப்பாக்கியையே வாங்கலாம் என்பேன் நான். பார்க்க அழகாக இருக்காது. குறி பார்க்கும் முள் பிளாஸ்டிக்காக இருக்கும். கூட வரும் கையேட்டைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் சுடும். பாதி விலைக்கு முக்கால் துப்பாக்கி இல்லை, முழுத் துப்பாக்கியே கிடைக்கும்.

துருக்கி நாட்டுக்கும் வான்கோழிக்கும் எங்கள் பேச்சில் 'டர்க்கி' என்று ஒரே பேர். அதனால் துருக்கியிலிருந்து வருகிற பிஸ்டலை எல்லோரும் வான்கோழி என்றுதான் சொல்வார்கள். கடை முதலாளி டெல்பர்ட், அதை யாராவது கேட்டால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அடுப்புல வெக்கவா, இடுப்புல சொருகவா?" என்பார். பல வருஷமாக அதே நகைச்சுவை. யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்.

காரெட் சிரித்தான்.

எனக்கும் அவனுக்கும் பழக்கம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சரக்குக் கிடங்கில். இரண்டு பேரும் ராத்திரி ஷிப்ட்டில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தோம். அவனுக்கும் மார்லீனாவுக்கும் மகள் ஐவி பிறந்ததும், ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும் என்று அவன் விலகி, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க்கில் மாலை வேலைக்குப் போனான். அந்த பங்க்கில் ஏற்கெனவே ஒரு தடவை கொள்ளை நடந்திருந்தது. அதனால் துப்பாக்கி வாங்க வந்தான். நான் சனிக்கிழமை மட்டும் டெல்பர்ட்டிடம் கவுண்ட்டரில் நிற்பவன். வான்கோழியை எடுத்து வைத்தேன். கையில் பிடித்துப் பார்த்தான். பிடித்துப் போயிற்று.

"ஒரே ஒரு கண்டிஷன்டா. மார்லீனா போட்டது."

"என்ன?"

"அவ அப்பா ரிவால்வர் வெச்சிருந்தாரு இல்ல? சுரங்கத்துக்குப் போயிட்டு வந்து அதை அலமாரி மேல வெப்பாராம். தோட்டாவைத் தட்டுற சுத்தியலுக்கு நேரா இருக்கிற ஓட்டையை மட்டும் எப்பவும் காலியா விட்டுருவாராம். கீழ விழுந்தாலும் வெடிக்காது. பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா, அதனால இதையும் அப்பிடித்தான் வெக்கணும், இல்லன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறா."

"டேய், அது வேற, இது வேற."

"எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். ரிவால்வரில் ஒரு ஓட்டையைக் காலியாக விட்டாலும் விசையை அழுத்தினால் உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஒன்றும் குறையாது. இந்த மாதிரி பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் மேகசினில் இருக்கும். மேலே இருக்கும் ஸ்லைடை ஒரு தடவை பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். இழுக்காமல் விசையை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அவகிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னா துப்பாக்கியும் நானும் சேந்து கார்ல தூங்கணும். அட, இழுத்து விட எவ்வளவு நேரம்டா ஆவும்? இங்க பாரு." இடுப்பிலிருந்து எடுப்பது போலக் காட்டி, இழுத்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறி பார்த்தான். வேகமாகத்தான் இருந்தது. கடைக்குள் எல்லோரும் வேகம்தான்.

மார்ச்சில் அவனைச் சுட்டுவிட்டார்கள்.

பங்க்கின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. துப்பாக்கியில் கோளாறு இருக்குமோ என்று டெல்பர்ட்டிடம் கேட்பதற்காக, போலீஸ் டெபுடி லொன்னி அதைத் தன் போனில் கொண்டுவந்து காட்டினான். நானும் பார்த்தேன். சத்தம் கிடையாது. தொப்பி போட்ட ஒருவன் கவுண்ட்டருக்கு முன்னால் நிற்கிறான். காரெட் துப்பாக்கியை எடுக்கிறான், இரண்டு கையாலும் பிடிக்கிறான், அழுத்துகிறான். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவன் எதிரே இருந்தவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து துப்பாக்கியைப் பார்த்தான். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"குழல் காலி. மேகசின் ஃபுல்லு. மறந்துட்டான்," என்றான் லொன்னி. "அவன் பொண்டாட்டி என்னைக் கேக்கறா. என்னத்தைச் சொல்ல? அவளுக்குப் பண்ணிக் குடுத்த சத்தியத்தாலதான்னு சொல்றதா?"

டெல்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துப்பாக்கி சுடலைன்னு சொல்லு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதுவே பேச்சு. அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் வாங்கிக்கொண்டு நின்றவர்கள், வெளிநாட்டுக் குப்பை, காசைப் பார்த்தான் உயிரைப் பார்க்கவில்லை என்று மார்லீனா காதுபடவே பேசினார்கள். அதே வான்கோழியை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தவர்களும் சொன்னார்கள். விஷயம் தெரிந்தவன் தெரிந்தே சொன்னான், தெரியாதவன் நம்பிச் சொன்னான். டெல்பர்ட் மிச்சமிருந்த வான்கோழிகளை ஷெல்ஃபிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டார். அவர் கடைக்குக் கெட்ட பேர். வாயைத் திறக்கவில்லை.

கோடை முடிகிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை மார்லீனா கடைக்குள் வந்தாள். வழக்கு முடிந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை ஒரு காகிதப் பையில் வைத்து, பையின் வாயைச் சுருட்டிப் பிடித்திருந்தாள், சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த மாதிரி. இளைத்திருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள். இப்போது பையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு வெறுமனே நின்றாள்.

டெல்பர்ட் அவசரமாக எழுந்து வந்தார். "வாம்மா. உன் பணத்தை முழுசா திருப்பித் தர்றேன். எப்பவோ தந்திருக்கணும்."

"பணம் வேணாம்."

"வேற என்னம்மா வேணும்?"

"இது வேலை செய்யாததை நான் பாக்கணும்."

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன்.

"சுட்டுக் காட்டுங்க. எங்க மாட்டிக்குது, எப்பிடி மாட்டிக்குதுன்னு. அவன் கடைசியா பாத்தது அதைத்தானே. நான் அந்த வீடியோவைப் பாக்கல, பாக்கவும் மாட்டேன். இதையாவது பாக்கறேன்."

"எல்லாத் தடவையும் மாட்டாதும்மா," என்றார் டெல்பர்ட். "சில நேரம் நல்லா சுடும். அதான் இதுல இருக்கிற கேடு."

"அப்ப மாட்டற வரைக்கும் சுடட்டும். எனக்கு நேரம் இருக்கு. பாப்பாவை அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

டெல்பர்ட் என் பக்கம் திரும்பினார். "வெஸ், கூட்டிட்டுப் போ."

கடைக்குப் பின்னால் மலையை வெட்டி ஒரு சுடும் இடம் இருக்கிறது. தகரக் கூரை, நான்கைந்து மர மேஜைகள், எதிரே மண் சரிவு. அன்று ஒரே ஒருவர்தான் இருந்தார். ஹோபர்ட் என்று பக்கத்து மாவட்டத்துக்காரர், ஓய்வு பெற்ற சுரங்க ஆள், மான் வேட்டைக்கு முன்னால் ரைஃபிளைச் சரிபார்க்க வருவார். காது பாதி கேட்காது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். நான் போனதுமே, "தம்பி, போன வாரம் என் பிஸ்டலுக்கு நீ வித்தியே தோட்டா, ஈரத்துல கெடந்ததா? நாயி தும்மின மாதிரி சத்தம் வருது," என்று கத்தினார். கையை அசைத்துவிட்டு, அவருக்கு எட்டத்தில் ஒரு மேஜைக்குப் போனேன். மார்லீனாவுக்குக் காதை மூடும் கவசத்தைக் கொடுத்தேன்.

துப்பாக்கியை மாட்டிக்கொள்ள வைப்பது எனக்குத் தெரியும். கடினம் இல்லை. பிஸ்டல் சுடும்போது ஸ்லைடு தானாகப் பின்னால் ஓடி, காலி உறையை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்குப் பின்னால் கை உறுதியாக நிற்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் துப்பாக்கி முழுசாகக் கையோடு எகிறும், ஸ்லைடு பாதி ஓடி நிற்கும், உறை பல்லில் சிக்கிய கறி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் சுடுகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கும். அவர்கள் கடைக்கு வந்து துப்பாக்கியைத் திட்டுவார்கள். நாங்கள் சிரிப்போம்.

மேகசினை நிரப்பி, ஸ்லைடை அவள் கண்ணில் படாமல் உடம்போடு மறைத்து இழுத்து, மணிக்கட்டைத் தொளதொளவென்று விட்டுச் சுட்டேன். சுட்டது. மறுபடி. சுட்டது. விரல் நுனியில் தொங்குகிற மாதிரி பிடித்தேன். துப்பாக்கி மேலே எகிறியது, தோட்டா எங்கோ சரிவின் உச்சியில் போய்ப் புதைந்தது, உறை ஒழுங்காக வெளியே வந்து விழுந்தது. மேகசின் தீரும்வரை அப்படித்தான். நிரப்பினேன். இடது கையில் சுட்டேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துச் சுட்டேன். ஹோபர்ட் சொன்ன அந்த நாய்த் தும்மல் தோட்டாக்களை எடுத்து வந்து போட்டேன். எல்லாவற்றையும் தின்றது. நான் சனிக்கிழமை தவறாமல் கவுண்ட்டரில் நின்று சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அன்றைக்கு ஒரு நாள் அது பொய்யாகியிருந்தால் போதும்.

மார்லீனா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டவே இல்ல," என்றாள்.

"மாட்டும்."

"உனக்குப் பயப்படுதா என்ன? குடு, நான் சுடறேன்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசித்து முடிப்பதற்குள் கை செய்துவிட்டது. தோட்டா தீர்ந்ததும் பின்னால் போய் நின்ற ஸ்லைடை முன்னால் விட்டு மூடினேன். நிறைந்த மேகசினைச் செருகினேன். இழுக்கவில்லை. குழல் காலி. காரெட் வைத்திருந்தது போலவே. "ரெண்டு கையால பிடி. நேரா சரிவைப் பாத்து," என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். அழுத்தினாள்.

டிக்.

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அந்தச் சத்தம்கூட இல்லை, விசை தொளதொளவென்று போய் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பல மாதமாகக் கனத்துக்கொண்டிருந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டவள் முகம்.

"பாத்தியா," என்றாள். "பாத்தியாடா. இதான். இப்பிடித்தான் பண்ணிருக்கு." துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி. பாவி, குப்பைய வாங்கிட்டு வந்து..."

"ஆமா," என்றேன். "இப்பிடித்தான்."

அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அழுகிறாளே, அழட்டும் என்று நின்றேன். ஹோபர்ட் தன் மேஜையிலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காதுக் கவசத்தைத் தூக்கியபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"கண்ணு!" என்று கத்தினார். "அது ரிப்பேரு இல்ல கண்ணு! மொத மொத நீ அதை இழுத்து விடணும். எம் மருமகளும் இதே கூத்துதான் அடிப்பா. மேல பிடிச்சு இழு, அப்பிடித்தான், பட்டுனு விடு. இல்லன்னா குழலுக்குள்ள தோட்டா எங்கேருந்து வரும்? தம்பி, இதைக்கூட சொல்லிக் குடுக்கலையா நீ? இங்க நின்னுக்கிட்டு என்னத்தைப் பண்றே?"

"ஹோபர்ட்டு, நீங்க போங்க," என்றேன்.

"ஆங்?"

"போங்கன்னேன்."

அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. மேஜையில் கிடந்த துப்பாக்கியைக் காட்டினார். "இழு கண்ணு. பயப்படாத. நல்ல துப்பாக்கிதான் இது. துருக்கிக்காரன் நல்லா செய்யறான் இப்ப."

மார்லீனா துப்பாக்கியை எடுத்தாள். ஸ்லைடைப் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை, விரல் வழுக்கியது. இரண்டாவது தடவை வந்தது. விட்டாள். அது முன்னால் ஓடி அடித்த சத்தத்தை அவள் கேட்டிருக்க வேண்டும். சரிவைப் பார்த்து அழுத்தினாள். சுட்டது.

"பாத்தியா!" என்றார் ஹோபர்ட். பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

நான் துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கி, மேகசினை உருவி, குழலில் இருந்ததையும் எடுத்துவிட்டு வைத்தேன். அவள் காதுக் கவசத்தைக் கழற்றவில்லை. அதனால் சத்தமாகவே பேசினாள்.

"இழுக்கணுமா?"

"ம்."

"எங்கப்பாவோடதுல இழுக்க வேணாம்."

"அது வேற."

"வேறன்னு காரெட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதை எப்படிச் சொல்வது?

"ஒரு ஓட்டை காலியா இருந்தா என்ன குறைஞ்சுரப் போவுதுன்னுதான் கேட்டேன். அவனும் ஒண்ணும் குறையாதுன்னான்." கவசத்தைக் கழற்றினாள். குரல் இறங்கியது. "தெனமும் வேலைக்குக் கெளம்பறப்ப வாசப்படியில நின்னு கேப்பேன், காலியா இருக்கான்னு. இருக்குன்னுவான். அன்னிக்கும் கேட்டேன்."

ஹோபர்ட்டின் ரைஃபிள் வெடித்தது. அவள் திடுக்கிடவில்லை.

"லொன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டெல்பர்ட்டுக்கு?"

"ம்."

"சர்ச்சுல நின்னுக்கிட்டு அவ்வளவு பேரும் பேசினாங்களே."

"எல்லாருக்கும் தெரியாது. சில பேருக்கு."

"எங்கம்மாவுக்கு?"

நான் குனிந்து கீழே கிடந்த காலி உறைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவள் அம்மா அடக்கத்துக்கு மறுநாளே கடைக்கு வந்து டெல்பர்ட்டிடம் பேசிவிட்டுப் போயிருந்தார்.

"நீ கையை ஆட்டி ஆட்டிச் சுட்டியே, அது எதுக்கு?"

"மாட்டிக்கும்னு நெனச்சேன்."

"மாட்டல."

"மாட்டல. நல்ல துப்பாக்கி."

அவள் சிரித்தாள். ஒரு தடவைதான். கேட்கச் சகிக்கவில்லை.

துப்பாக்கியை எடுத்துப் பையில் வைக்கப் போனாள். நான் பையின் மேல் கையை வைத்தேன். "இங்கயே இருக்கட்டும் மார்லீனா. கொஞ்ச நாளைக்கு. நாங்க வெச்சிருக்கோம், பூட்டி."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. "எனக்கொரு கொழந்தை இருக்குடா மடையா."

"தெரியும். இருந்தாலும் இங்க இருக்கட்டும்."

"அறுத்துரு," என்றாள். "உங்க பின்னறையில ரம்பம் இருக்கு இல்ல? இப்பவே. நான் பாத்துட்டுப் போறேன்."

உள்ளே போனோம். டெல்பர்ட் கவுண்ட்டரைச் சுற்றி ஓடி வந்தார். அவர் என் முகத்தில் எதையோ தேடினார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

மார்லீனா பையை அவர் முன் வைத்தாள். கடையில் அப்போது இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், தூண்டில் பார்த்துக்கொண்டு. எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"மாட்டிக்கிச்சு. நீங்கள்லாம் சொன்ன மாதிரியே. குப்பை."

டெல்பர்ட்டுக்குத் தோள் தளர்ந்தது. எவ்வளவு நிம்மதி அந்த மனுஷனுக்கு. "மன்னிச்சுக்கம்மா," என்றார். "நான் அதை வாங்கி வித்திருக்கவே கூடாது." தூண்டில் பார்த்தவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"பரவால்ல," என்றாள் அவள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பின்னறையில் துப்பாக்கியைப் பிரித்தேன். பிடியின் பிளாஸ்டிக் உடனே போய்விட்டது. ஸ்லைடை அறுக்கப் பரவாயில்லை. குழலை இடுக்கியில் இறுக்கி ரம்பத்தை வைத்ததும் பல் வழுக்கியது. நல்ல உருக்கு. எண்ணெய் விட்டு, பிளேடை மாற்றி, மறுபடி வைத்தேன். மார்லீனா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பவை விற்காத வான்கோழிகள் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"பாப்பாவைக் கூப்பிடப் போவணும்," என்றாள். "இன்னும் நேரமாவுமா?"

"ஆவும். நீ போ, நான் முடிச்சுடறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் அறுத்துக்கொண்டிருந்தேன்.